காவும் காவலும்: யாழ்ப்பாணத்துப் பழைய பூங்கா

'கா' என்பது தமிழில் ஓரெழுத்தொருமொழி. பெயராய் நின்றவழிச் சோலையென்றும், வினையாய் நின்றவழிக் காப்பாயாக என்றும் பொருள்படும். இவ்விரு பொருளும் ஒரு சொல்லில் வந்து கூடியமை தற்செயலாகவும் இருக்கலாம். எனினும், பூங்கா என்னும் சொல்லை நாடோறும் வழங்குவோர் அதனுள்ளே காவல் என்னும் கருத்தும் ஒலிப்பதை மறந்துவிடுகின்றனர். மாலை வேளையிற் பிள்ளைகளைக் கூட்டிச்சென்று ஊஞ்சலில் ஏற்றி, கடலை வாங்கிக் கொடுத்து மீள்வதற்குரிய இடமே இன்று பூங்கா எனப்படுகின்றது. அதனினும் வேறான ஒன்றும் உண்டு. நகரின் நடுவே மரமும் புள்ளும் தத்தம் இயல்பில் வாழவும், மக்கள் அவற்றுக்கு ஊறு செய்யாது உள்ளே நடந்து திரியவும் இடந்தருவது அது. அதனை நகர்க்காப்புப் பூங்கா எனலாம். அவ்வாறு ஆகத்தக்க இடம் யாழ்ப்பாண நகரில் உண்டாயின், சுண்டிக்குளியிற் கச்சேரிக்கு அயலே கண்டி வீதியோரமாகக் கிடக்கும் பழைய பூங்காவே அஃதாகும்.

பொழிலிற் புகுந்து பொழுது போக்குதல் தமிழர்க்குப் புதிதன்று. பரிபாடல் கூறும் வையைப் புனலாட்டும், சிலப்பதிகாரத்துக் கடலாடு காதையும், மணிமேகலையின் மலர்வனம் புக்க காதையும் நகரமாந்தர் நீரையும் நிழலையும் நாடிச் சென்ற வழக்கத்தைக் காட்டுவனவாம். இதனோடு வேறொரு வழக்கமும் இருந்தது. அரணைச் சூழ்ந்த காவற்காடு மிளை எனப்பட்டது. அயலார் அதனுட் புகலாகாது. அரசர்க்குரிய காவன்மரத்தைப் பகைவர் தடிதல் அவ்வரசரை வென்றதற்கே அடையாளமாயிற்று. ஆகவே, புகுந்து இன்புறுதற்கு ஒரு கா, புகாது விலக்கி வைத்தற்கு ஒரு கா என இரண்டு இருந்தன. இக்காலத்துக் காப்புப் பூங்கா இவ்விரண்டையும் ஒரே வேலிக்குள் அடக்க முயல்கின்றது. அதனால் வரும் இடர்ப்பாடுகளும் பல.

மேனாட்டிலும் இவ்விரண்டு மரபும் வெவ்வேறாகவே தோன்றின. இங்கிலாந்திலே, பொதுப்பணத்தைக் கொண்டு மக்கள் அனைவர்க்குமென அமைத்த பேர்க்கன்ஹெட் பூங்கா 1847 இல் திறக்கப்பட்டது. அது நகரத் தொழிலாளர் நற்காற்றுப் பெறும்பொருட்டு எழுந்தது. அமெரிக்காவில் 1872 இல் யெலோஸ்ரோன் தேசிய பூங்காவாயிற்று. அதுவோ மனித முயற்சி தீண்டாத காட்டை அவ்வாறே வைத்திருத்தற்கு எழுந்தது. நகரங்கள் பெருகி, காடு நகரெல்லைக்குள் அகப்பட்டுக்கொண்ட பின்னரே இரண்டையும் இணைக்கும் எண்ணம் வலுப்பெற்றது.

யாழ்ப்பாணத்தாருக்கு நடைவழி யாதெனின், அவர்தம் ஒழுங்கைகளே. கிளுவை, பூவரசு, முள்முருக்கு முதலியவற்றின் கதியால்களை நட்டு, இடையே கிடுகோ பனையோலையோ வரிந்த வேலிகளுக்கு நடுவிலே, வெயிலும் நிழலும் மாறிமாறி விழ வளைந்து செல்லும் அவ்வழிகளைக் காட்டிலும் நடத்தற்கு இனிய வழிகளை எந்நாட்டுப் பொறியியலாளரும் வகுத்திலர். அவ்வேலி ஆட்டுக்குக் குழையும் தோட்டத்துக்குப் பசளையும் கொடுத்தது. செம்பகத்துக்கும் புலுனிக்கும் அணிலுக்கும் அதுவே தெருவாயிற்று. வேலி மதிலானபோது வீட்டுக்காரருக்குக் காவல் பெருகிற்று என்பது உண்மையே. ஆனால், அச்சிற்றுயிர்கள் வளவுக்கு வளவு தாவும் வழி அறுந்தது. நெடுவழி நடப்பவர்க்கெனச் சுமைதாங்கியும், கால்நடைக்கென ஆவுரஞ்சிக் கல்லும், அயலிலே கேணியும், மடமும் அமைத்தவர்கள் இக்குடாநாட்டார். பருத்தித்துறையிலே தெருவையே உள்ளடக்கி, இருமருங்கும் திண்ணையோடு கட்டப்பட்ட தெருமூடிமடத்தை அறியாதார் இலர். நிழல், நீர், இருக்கை என்னும் மூன்றும் நடப்பவர்க்கு எவ்வெவ்விடத்தில் வேண்டப்படும் என்பதை அவர்கள் காலால் அளந்து அறிந்திருந்தனர்.

செல்வச்சந்நிதியிற் புறப்பட்டுக் கீழ்க்கரை வழியே கதிர்காமம் வரை செல்லும் பாதயாத்திரையும் ஈண்டு நினைக்கத்தக்கது. குமண, யால என்னும் இரண்டு தேசிய பூங்காக்களினூடே அடியார் நடந்தே செல்லுகின்றனர். ஊர்தியை விட்டு இறங்கலாகாதென்று மற்றையோரை விலக்கும் காட்டில், வருடத்திற் சில நாள் யாத்திரிகருக்கு மட்டும் வழி விடப்படுகின்றது. காட்டிலே எவ்வாறு நடத்தல் வேண்டும் என்னும் ஒழுக்கம் அவ்வடியாரிடையே நெடுங்காலம் இருந்துவந்தது. பொலித்தீன் பை வந்தபின் அவ்வொழுக்கத்துக்குச் சோதனையும் வந்தது.

இனிப் பழைய பூங்காவின் வரலாற்றை நோக்கலாம். பேர்சிவல் அக்லண்ட் டைக் என்பவர் 1829 இல் யாழ்ப்பாணத்தின் ஆட்சிப் பொறுப்பை ஏற்று, பின்னர் வடமாகாண அரசாங்க அதிபராகி, இடையிற் சிறுகாலம் நீங்கலாக, 1867 இல் இறக்கும்வரை இங்கேயே இருந்தவர். வடக்கின் இராசா என்று அவரைப் பிறர் அழைத்தனர் என்றால் அவருடைய அதிகாரம் எத்தன்மையதென்பது விளங்கும். அதிபரின் வாசத்தலத்தைச் சூழ அவர் வளர்த்த தோப்பே பழைய பூங்கா. பேர்க்கன்ஹெட் பூங்கா மக்களுக்கெனத் தோன்றிய அதே காலப்பகுதியில், இங்கு ஒரு பூங்கா துரையின் மாளிகைக்கென வளர்ந்தது. ஆள்வோர் தம் நிழலுக்கு நட்ட மரம் என்று அதனை எளிதில் ஒதுக்கிவிடலாகாது. நீர் அரிதான இச் சுண்ணக்கற் பூமியிலே ஒரு கன்றை மரமாக்குதல் பல கோடைகளில் நீர் சுமந்து ஊற்றுதலாகும். அந்நீரைச் சுமந்தவர் இவ்வூரார் ஆதலின், அம்மரங்கள் இவ்வூராருக்கு உரியன என்பதற்கு வேறு சான்று வேண்டா.

துரைமார் போயினர். பின்னர் வந்த போர்க்காலத்தில் அயலிலிருந்த பழைய கச்சேரிக் கட்டடம் இடிந்து பாழாயிற்று. மரங்கள் மனிதர் கட்டியவற்றைக் காட்டிலும் அந்நாட்களை நன்கு தாங்கின. போர் ஓய்ந்தபின்னரோ பூங்காவுக்கு வேறுவகையான நெருக்கடி தோன்றியது. நகரில் வெற்றுநிலம் அருகிவிட்டது. அரச நிலம் அதனினும் அருகிவிட்டது. அலுவலகத்துக்கு இடம் வேண்டுமெனினும், விளையாட்டுக்கு இடம் வேண்டுமெனினும் முதலிற் கண்ணிற்படுவது மரம் நிற்கும் நிலமே. வடமாகாண ஆளுநரின் செயலக முகவரியிலே பழைய பூங்கா என்னும் பெயர் இருத்தலை யாவரும் காணலாம். வேண்டுவோர் தீயோர் அல்லர். வேண்டும் காரியமும் நல்ல காரியமே. இங்குத்தான் சிக்கல் உள்ளது. கெட்ட நோக்கத்துக்கு ஒரு பூங்காவை எவரும் கேட்பதில்லை, கேட்டாலும் கொடுப்பாரில்லை. நல்ல நோக்கத்துக்கு ஒவ்வொரு துண்டாகக் கேட்கும்போது மறுப்பது கடினம்.

இதற்குச் சென்னைக் கிண்டியிலும் தெளிவான எடுத்துக்காட்டு இல்லை. ஆளுநர் மாளிகையோடு சேர்ந்த அக்காடு 1910 இல் ஏறத்தாழ 505 ஹெக்டேர் பரப்புள்ள ஒதுக்கக்காடாக அறிவிக்கப்பட்டது. பின்னர்ச் சிறுவர் பூங்காவுக்கென ஒரு பகுதி, 1959 இல் தோன்றிய இந்தியத் தொழில்நுட்பக் கழகத்துக்கென ஒரு பகுதி, காந்தி, இராசாசி, காமராசர் ஆகிய பெரியோரின் நினைவிடங்களுக்கெனச் சில பகுதிகள் என்றவாறு பிரிந்துபோயின. இவற்றுள் எதனை வேண்டாமென்று ஒருவர் சொல்லத் துணிவார்? 1978 இல் அது தேசிய பூங்காவாகியபோது எஞ்சியிருந்தது ஏறத்தாழ 270 ஹெக்டேர். வெளிமானும் புள்ளிமானும் இன்னும் அங்கே மேய்கின்றன. பெருநகரொன்றின் நடுவே வெளிமான் வாழ்தல் வியப்பே. ஆனால் அவ்வியப்பைக் காக்கும்பொருட்டுப் பொதுமக்கள் பெரும்பாலும் சிறுவர் பூங்காவின் அளவிலே நிறுத்தப்படுகின்றனர். நிலம் குறையக் குறைய, மக்களுக்கும் விலங்குக்கும் இடையே வேலி இறுக வேண்டியதாயிற்று. முன்பு கூறிய இரு காக்களும் அங்கே மீண்டும் பிரிந்து நின்றன.

கொழும்பிலோ வேறு வழி கைக்கொள்ளப்பட்டது. கோட்டை இராசதானியின் பழைய நீர்நிலைகளைச் சூழ்ந்த சதுப்பு நிலங்கள் நெடுங்காலம் குப்பை கொட்டும் இடமென்றே கருதப்பட்டன. 2010 நவம்பர் மழையிற் பாராளுமன்ற வளவு வரை வெள்ளம் புகுந்தபின், அச்சதுப்புகளே நகரின் வெள்ளத்தைத் தாங்கும் தொட்டிகள் என்பது ஆள்வோருக்கு விளங்கிற்று. பெத்தகானையிலும் தலவத்துகொடையிலும் சதுப்புநிலப் பூங்காக்கள் எழுந்தன. நீருக்கு மேலே தூண் நாட்டிப் பலகை பரப்பிய நடைபாலங்களில் மக்கள் நடக்க, கீழே நீர்க்கோழியும் நீர்க்காகமும் தம் தொழிலைப் பார்க்கின்றன. 2018 இல் உலகிலேயே முதன்முதலாக ராம்சார் ஈரநில நகரமென்னும் மதிப்பைப் பெற்ற நகரங்களின் வரிசையிற் கொழும்பும் இடம்பெற்றது. பயன் தெரிந்தபின் காவல் வந்தது என்பதே இதன் வரலாறு.

யாழ்ப்பாணத்துக்கும் அத்தகைய பயன் ஒன்று உண்டு. அது வெள்ளத்தைத் தாங்குதலன்று, மழையை விழுங்குதல். இக்குடாநாட்டில் என்றும் ஓடும் ஆறு இல்லை. வழுக்கையாறும் மாரியில் மட்டும் ஓடுவது. ஆண்டுக்கு ஏறத்தாழ 50 அங்குல மழை, அதிலும் பெரும்பகுதி ஒக்டோபர் முதல் டிசெம்பர் வரை, பெய்து மண்ணினூடே சுண்ணக்கல்லின் வெடிப்புகளிற் புகுந்து, கீழேயுள்ள உவர்நீரின்மேல் மிதந்து நிற்கின்றது. நன்னீர் உவர்நீரினும் எடை குறைந்ததாதலால் இவ்வாறு மிதக்கின்றது. கைபன், ஹேர்ஸ்பேர்க் என்னும் இருவர் கண்ட கணக்கின்படி, கடல்மட்டத்துக்கு மேல் ஓரடி நன்னீர் நின்றால் அதன்கீழ் ஏறத்தாழ 40 அடி ஆழம்வரை நன்னீர் நிற்கும். மேலே ஓரடி குறையின் கீழே 40 அடி உவர் ஏறும். கிணற்று நீரை உண்டு வாழும் ஊருக்கு இக்கணக்கு வேறெந்தக் கணக்கினும் முதன்மையானது. 20 ஏக்கர்த் தோப்பொன்றின்மேல் ஓராண்டில் விழும் 50 அங்குல மழை ஏறத்தாழ 2 கோடியே 26 இலட்சம் கலன். அதிற் கணிசமான பங்கை மரங்களும் வெயிலும் எடுத்துக்கொள்ளும், எஞ்சியது கீழிறங்கும். அதே நிலத்தைக் கூரையாலும் கொங்கிறீற்றாலும் மூடினாலோ, நீர் வாய்க்கால் வழியே கடலேரியிற் போய்ச் சேரும். ஆகையால், பூங்காவிற் பாதை இடுவோர் சீமெந்தை விடுத்துக் கிரவலும் சுண்ணக்கற் பொடியும் கொண்டு நீர் புகத்தக்கதாய் அமைத்தல் தகும்.

பாதை இடுதலே காட்டைக் கெடுத்தலாகாதோ என்று வினவுவாரும் உளர். உண்மை இதற்கு மறுதலையானது. ஒரு மரத்தின் நீரையும் உணவையும் உறிஞ்சும் நுண்வேர்களிற் பெரும்பாலன மேல்மண்ணின் ஓரிரண்டு அடிக்குள்ளேயே பரந்து கிடப்பன. கிளைகளின் நிழல் விழும் எல்லைக்கு அப்பாலும் செல்வன. மனிதர் மிதிக்க மிதிக்க மண்ணின் நுண்துளைகள் இறுகி, காற்றும் நீரும் உட்புகாது வேர் மூச்சடைக்கும். கோடரி படாமலே ஒரு முதுமரம் நுனியிலிருந்து பட்டுவருமாயின், அதன் அடியிலே ஊர்திகள் நிறுத்தப்படுகின்றனவோ என்று பார்த்தல் வேண்டும். இதில் அறியத்தக்கது இன்னுமொன்று: புதுநிலத்துக்கு முதற் சில மிதிகளே பெருந்தீங்கு செய்வன, முன்பே மிதிபட்டு இறுகிய இடத்தில் ஆயிரவர் நடந்தாலும் மேலும் வரும் கேடு சிறிதே. எனவே நூறுபேர் நூறு வழியிற் செல்லுதலினும் நூறுபேரும் ஒரே வழியிற் செல்லுதல் நன்று. நல்ல நடைவழியின் தொழில் மக்களை உள்ளே விடுதல் மட்டுமன்று. மற்றைய நிலத்தை அவர் காலினின்று காத்தலுமாம்.

அவ்வழியை எவ்விடத்தில் இடுவது என்பதை எளிய கணக்கொன்றால் மாணாக்கரும் ஆராயலாம். 20 ஏக்கர்ச் சதுர நிலத்தின் ஒரு பக்கம் ஏறத்தாழ 930 அடி. அதன் நடுவே நெடுக்கும் குறுக்குமாக இரண்டு பாதை வகுத்தால், நிலம் நான்கு துண்டாகி, எத்துண்டின் நடுவிடமும் பாதையிலிருந்தோ புறவீதியிலிருந்தோ ஏறத்தாழ 230 அடித் தூரத்துக்கு அப்பாற்பட்டிராது. அவ்வாறன்றி, எல்லையினின்று 100 அடி உள்ளே சுற்றுவழியொன்றை வகுத்தால், பூங்காவின் நடுவிடம் பாதைக்கு 365 அடி தொலைவில் அமைதியாகக் கிடக்கும். நடப்பவர்க்கோ ஒரு சுற்று 2,920 அடி, அதாவது அரை மைலுக்குச் சற்று மேல். குறுக்குப் பாதைகள் இரண்டையும் சேர்த்தாலும் 1,860 அடியே தேறும். மக்களுக்கு நெடுநடை, புள்ளுக்குத் தனிமை என்னும் இரண்டும் ஒருங்கே கிட்டுகின்றன. பழைய பூங்கா சரிசதுரமன்று. உள்ளே கட்டடங்களும் உள. எனினும் சுற்றுவழி நடுவை விட்டுவைக்கும், குறுக்குவழி நடுவைத் தின்றுவிடும் என்பது எவ்வடிவ நிலத்துக்கும் பொருந்தும். நம் கோயில்களில் உள்வீதி, வெளிவீதி என வகுத்தோர் இதனை வேறொரு காரணத்தால் அறிந்திருந்தனர்.

அகலத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. இருவர் பேசிக்கொண்டு நடத்தற்கு ஐந்து அடி போதும். பத்தடி அகலமாக்கினால் அதில் மோட்டார்ச் சைக்கிள் ஏறும். பின்னர் முச்சில்லு வண்டி ஏறும். பாதை விலகிச் செல்லவேண்டுமேயன்றி வேர் வெட்டப்படலாகாது.

நடப்பதற்கு நகரில் வேறிடம் இல்லையோ எனின், உண்டு. பண்ணைக் கடலோரத்தில் மாலைக்காற்று வாங்குவோர் பலர். ஆரியகுளம் 2021 இற் சீரமைக்கப்பட்டுச் சுற்றிலும் நடைபாதை பெற்றது. நல்லூரிற் சங்கிலியன் பூங்காவும், நூல்நிலையத்துக்கு அயலிற் சுப்பிரமணியம் பூங்காவும் உள. குடாநாட்டின் தென்கீழ்க் கோடியிலுள்ள சுண்டிக்குளம், 1938 இல் பறவைகள் சரணாலயமாகி, 2015 இல் தேசிய பூங்காவாக உயர்ந்தது. சுண்டிக்குளியையும் சுண்டிக்குளத்தையும் ஒன்றெனக் கொண்டு மயங்குவோர் வெளியூரார் மட்டுமல்லர். அங்குள்ள பூநாரைக் கூட்டத்தைக் காணச் செல்வது ஒருநாட் பயணம். பள்ளி விட்டபின் ஒரு பிள்ளை நடந்து போய்ப் பார்த்துவரக்கூடியதன்று. கடலோர நடைபாதையிற் காற்றுண்டு, மரமில்லை. காலை ஒன்பது மணிக்குமேல் வெயிற்படாது நடக்கத்தக்க, முதுமரங்கள் செறிந்த நிலம் நகரெல்லைக்குள் அரிது. அதனாலேயே பழைய பூங்காவிற் போகும் ஒவ்வொரு மரமும் எண்ணத்தக்கது.

புள்ளினங்களிலும் யாழ்ப்பாணம் இலங்கையின் பிறபகுதிகளைப் போன்றதன்று. தென்னிலங்கையிற் செம்முதுகு மரங்கொத்தி காணப்பட, வடக்கிலே அதன் இனமாகிய பொன்முதுகு மரங்கொத்தி வாழ்கின்றது. விலங்கியலார் அதற்கு இட்ட பெயர் டைனோபியம் பெங்காலென்சே ஜாஃப்னென்சே என்பது. ஈற்றிலுள்ள சொல் யாழ்ப்பாணத்தையே குறிக்கும். இவ்வூர்ப் பெயரைச் சுமந்து திரியும் பறவை பட்ட கிளைகளையும் முதுமரங்களின் பொந்துகளையும் நாடுவது. பூங்காவைத் துப்புரவாக்குவோர் பட்ட கிளையை அவலட்சணமென்று முதலில் வெட்டுவர். நடப்பவர் தலைக்கு மேலே நிற்கும் கிளையாயின் வெட்டத்தான் வேண்டும். பாதைக்கு எட்டாத உள்நிலத்தில் நிற்பதை விட்டுவைத்தலாற் கேடில்லை.

இதிலும் பெரியதொரு தடை விளக்குமாறு. விடியற்காலையில் முற்றம் பெருக்கிக் கோடு விழுந்த மணலைக் காணாவிடின் யாழ்ப்பாணத்து இல்லத்தரசிக்கு அன்றைய நாள் தொடங்கியதாகாது. வீட்டுக்கு அது நல்லொழுக்கமே. அதே ஒழுக்கத்தைத் தோப்புக்கும் கொண்டுவந்து, சருகெல்லாம் கூட்டி மூலையிற் குவித்து எரிக்கும்போது, மண்ணின் போர்வையும் உரமும் புகையாகின்றன. சருகின்கீழ் ஈரம் தங்கும். ஈரத்தில் மண்புழுவும் வண்டும் பெருகும். அவற்றை நம்பிப் பல உயிர்கள் வரும். நடைவழியின் மேல் விழுந்ததை மட்டும் ஒதுக்கி, மற்றையதை விழுந்த இடத்திலேயே விட்டுவிடுதல் வேலையைக் குறைக்கும் செயலுமாம்.

ஆறுமணிக்குருவி என்றொரு பறவை உண்டு. காலையிலும் மாலையிலும் ஆறுமணியளவிற் கூவுவதால் அப்பெயர் பெற்றது. பச்சை முதுகும், மங்கிய பொன்னிற மார்பும், வாலின்கீழ்ச் சிவப்பும் உடையது. கோடையில் இந்தியாவிற் கூடுகட்டி, மாரி தொடங்குமுன் புரட்டாதி, ஐப்பசி மாதங்களிற் கடல் கடந்து இலங்கைக்கு வருவது. கடலைத் தாண்டிய களைப்பினாற் சிலபோது வீட்டுக்குள்ளும் புகுந்து ஒடுங்கும். அவ்வாறு அகப்பட்டதைப் பிள்ளைகள் கூடைக்குள் மூடிவைப்பதும் உண்டு. அதற்கு வேண்டுவது மரநிழலும், நிழலின்கீழ்க் கிளறி இரைதேடச் சருகும், மனிதர் கால் படாத சிறிதளவு புதருமே. இம்மூன்றும் உள்ள வளவாயின் மாரி முடியும்வரை தங்கிப் பங்குனியில் மீளும். பெருக்கிய நிலமாயின் ஓரிரவு இளைப்பாறி, மறுநாள் வன்னிப் பக்கம் பறந்துவிடும்.